பள்ளியில் சாப்லினிடம் மகனைப் பேச விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மதுரைமல்லி (பிரிஸ்பேன்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஆஸ்திரேலியா வந்து மூன்று வருடம் ஆகிறது. மகனுக்கு எட்டு வயது, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. போன மாதம் மதுரையில் என் அப்பா தவறிவிட்டார். கிடைத்த டிக்கெட்டில் நான் மட்டும் ஓடினேன், அவனும் அவன் அப்பாவும் இங்கேயே இருந்துவிட்டார்கள். தாத்தாவை எடுத்துக்கொண்டு போனதை அவன் வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தான். காட்டியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது, அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் யோசிக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் திரும்பி வந்ததிலிருந்து அவன் தாத்தா பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லஞ்ச் பாக்ஸ் திறக்காமலே வருகிறது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து வந்து நான் படுத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறான். கேட்டால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்கிறான்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் கூப்பிட்டு, பள்ளியில் ஒரு சாப்லின் இருக்கிறார், வாரத்தில் இரண்டு நாள் வருவார், உங்கள் மகன் அவரோடு கொஞ்சம் உட்கார்ந்து பேச நீங்கள் சம்மதித்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லி ஒரு படிவம் கொடுத்தார். சாப்லின் என்றால் சர்ச் ஆள்தானே? நாங்கள் இந்துக் குடும்பம். என் கணவர் வேண்டவே வேண்டாம், துக்கத்தில் இருக்கிற குழந்தையிடம் இயேசு கதை சொல்லிவிடுவார்கள் என்கிறார். எனக்கு அந்தப் பயம் கொஞ்சம் இருந்தாலும், வேறு யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை இவரிடமாவது திறப்பானா என்றும் இருக்கிறது. இவர்கள் உண்மையில் என்ன செய்வார்கள்? கவுன்சிலரா, பாதிரியாரா? ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நெல்லைக்காரன் (இப்ஸ்விச்)

அப்பா போனதற்கு வருந்துகிறேன்மா. தூரத்தில் இருந்து ஒரு சாவை எதிர்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லக்கூட வார்த்தை இருக்காது.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாங்கள் குட்னாவில் வாடகை வீட்டில் இருந்தோம். இப்ஸ்விச்சில் பிரெமர் ஆறு 19 மீட்டரைத் தாண்டிய வெள்ளம் அது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் கூரையைத் தொட்டது. பாஸ்போர்ட்டும் என் மனைவியின் நகையும் ஒரு பையும்தான் மிஞ்சியது, மற்றதெல்லாம் சேறோடு சேறாக ரோட்டோரம் குவிந்து கிடந்தது. பெரியவன் அப்போது இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். பள்ளி திறந்த அன்று போடச் சீருடை கிடையாது, ஷூ கிடையாது. முதல் நாள் சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த நண்பர் வீட்டு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார், கையில் அவன் அளவுக்குச் சீருடை, ஷூ, பை, தண்ணீர் பாட்டில், எல்லாம். பள்ளியின் சாப்லின் என்றார். பிள்ளைகள் எல்லாரும் "சாப்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலம் முழுக்க அப்படித்தான். நீங்கள் எந்த மதம், எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. ஷூ சைஸ் மட்டும் கேட்டார், இரண்டு தடவை.

அதுகூடப் பெரிசில்லை. அதன் பிறகு ஒரு வருடம் போல, மழை பெய்தால் என் மகன் வகுப்பில் உட்கார மாட்டான். ஜன்னலையே பார்ப்பான், அழுவான், வீட்டுக்குப் போக வேண்டும் என்பான். டீச்சருக்கு மற்ற இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர் எத்தனை நேரம் இவனைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்க முடியும்? சாப்பி வரும் நாளில் மழை பெய்தால் அவனைக் கூட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் போதிக்க மாட்டார். இரண்டு பேரும் சேர்ந்து, தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் கோடு வரை தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராது. அடுத்த மழைக்கும் அப்படியே. எத்தனை மழை என்று எனக்கு நினைவில்லை, ஒரு நாள் அவனே "இன்றைக்கு நான் வகுப்பிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டானாம். பள்ளி வாசலில் அவர் அதை என்னிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நானும் பக்கா சைவக் குடும்பம், வீட்டில் திருநீறு இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டோம். அந்த அம்மா ஒரு தடவைகூட எங்களைச் சர்ச்சுக்குக் கூப்பிட்டதில்லை. என் ஓட்டு, படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்பதற்குத்தான்.

வன்னிமண் (மெல்பேர்ன்)

தங்கச்சி, அப்பாவின் பிரிவுக்கு என் அனுதாபங்கள். நெல்லை அண்ணை சொன்ன அம்மா போன்ற மனிசர் எங்கேயும் கிடைத்தால் கும்பிட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நல்ல மனிசரைக் கண்டோம் என்பதற்காக அந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று ஆகாது. உங்கள் கணவரின் பயத்தைச் சும்மா தள்ளிவிட வேண்டாம்.

பள்ளிச் சாப்லினுக்கு மத்திய அரசு காசு கொடுக்கிற இந்தத் திட்டத்தை 2006இல் பிரதமர் ஹோவர்ட் அரசாங்கம் அறிவித்து அடுத்த வருடம் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பள்ளிக்கு வருடம் 20,000 டொலர் வரை. தொடக்கத்திலிருந்தே அரச பள்ளிக்குள் மத அமைப்புகள் வழியாக ஆள் வருவது சரியா என்ற விவாதம் ஓடிக்கொண்டே இருந்தது. துவூம்பாவில் ரொன் வில்லியம்ஸ் என்ற தகப்பன், தன் பிள்ளைகள் படித்த அரச பள்ளியில் சாப்லினுக்கு மத்திய அரசின் காசு போவதை எதிர்த்து, இந்த நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போனார். 2012இல் வென்றார், அரசாங்கம் உடனே புதுச் சட்டம் கொண்டுவர, 2014இல் மறுபடியும் வென்றார். ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும், பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள்: பள்ளியில் சாப்லின் இருப்பது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த வாதத்தை ஏற்கவே இல்லை. மத்திய அரசு அந்த வழியில் காசு கொடுக்க அதிகாரம் இல்லை என்றுதான் தீர்ப்பு. அதனால் காசை மாநில அரசுகள் ஊடாகக் கொடுத்து திட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

எனக்கு மனம் நொந்தது வேறு ஒன்றில். இடையில் லேபர் கட்சி ஆட்சியில், மதம் சாராத நலப் பணியாளரை வைக்கவும் பள்ளிகளுக்கு விட்டிருந்தார்கள். 2014இல் பிரதமர் அபொட் அரசாங்கம் அதை எடுத்துவிட்டது, சாப்லின் மட்டும்தான் என்றது. நல்லாக வேலை செய்துகொண்டிருந்த எத்தனையோ பேர், மதப் பின்புலம் இல்லை என்ற ஒரே காரணத்தால் இடம் இழந்தார்கள். பிள்ளையின் கண்ணீரைத் துடைக்க ஒருவருக்குச் சபையின் அத்தாட்சி ஏன் தேவை? இதுதான் இன்றைக்கும் என் கேள்வி. 2023இலிருந்து திட்டத்தின் பெயரே மாறி, சாப்லினா மதம் சாராத நல அலுவலரா என்பதைப் பள்ளியே தெரிவு செய்யலாம் என்று வந்திருக்கிறது. ஆகவே உங்கள் பள்ளி ஏன் சாப்லினைத் தெரிவு செய்தது என்று அதிபரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சொந்த அனுபவமும் ஒன்று. சில வருடங்களுக்கு முன் என் மகளின் பள்ளிச் சாப்லின் அவளுக்கு ஒரு விடுமுறை முகாம் துண்டுப்பிரசுரம் கொடுத்து அனுப்பினார். மலையேற்றம், படகு என்றெல்லாம் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில்தான் அது ஒரு சபையின் முகாம் என்று இருந்தது. பிள்ளைக்கு அது தெரியவே இல்லை, போக வேண்டும் என்று ஒரே அழுகை. நான் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன், அதிபர் மன்னிப்புக் கேட்டார், அத்தோடு நின்றது. அந்தச் சாப்லின் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லை எங்கே என்று அவருக்கே விளங்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லவில்லை தங்கச்சி. முதலில் அந்த ஆளை நீங்கள் நேரில் சந்தியுங்கள். பிறகு தீர்மானியுங்கள்.

நாஞ்சில்காரி (லோகன்)

மதுரைமல்லி, அப்பாவின் ஆன்மா அமைதி பெறட்டும். நான் லோகன் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளியில் சாப்லினாக வேலை பார்க்கிறேன். நாகர்கோவில்காரி, சிஎஸ்ஐ குடும்பம். வன்னிமண் அண்ணன் சொன்னதைப் படித்து முதலில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த முகாம் துண்டுப்பிரசுரம் தப்புதான். அதைத் தப்பு என்று சொல்லாமல் நான் இந்த வேலையைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கவுன்சிலரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. எனக்கு சர்டிபிகேட் 4 என்ற தொழிற்கல்வி அளவுக்கு இளைஞர் பணிப் படிப்பு, அதில் மனநலமும், யாரை எப்போது யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் கட்டாயம். பிள்ளைகளோடு வேலை செய்ய மாநில அரசு சரிபார்த்துக் கொடுக்கும் புளூ கார்டு இல்லாமல் வாசலுக்குள் கால் வைக்க முடியாது. மனநல சிகிச்சை கொடுக்க எனக்குத் தகுதி கிடையாது, கொடுக்கவும் மாட்டேன். அதற்குப் பள்ளியில் கைடன்ஸ் ஆபீஸர் என்ற ஆலோசகர் இருக்கிறார், அவரும் போதாது என்றால் உங்கள் குடும்ப டாக்டர் மனநலத் திட்டம் எழுதிக் கொடுத்தால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்குப் பத்து முறை வரை சைக்காலஜிஸ்டைப் பார்க்கச் சலுகை உண்டு. ஆனால் பல இடங்களில் சைக்காலஜிஸ்ட் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்த இடைப்பட்ட நாட்களில் பிள்ளை தினமும் பள்ளிக்கு வந்துகொண்டுதானே இருக்கிறான்? அந்த நாட்களில்தான் எங்கள் வேலை.

என் ஒரு நாள் எப்படி என்றால், காலையில் கேட்டில் நிற்பேன். யார் நேற்றுப் போட்ட அதே சட்டையில் வருகிறார்கள், யார் அம்மாவை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள், யார் தனியாக வருகிறார்கள் என்பதெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் காலை உணவு, டோஸ்டும் மைலோவும். பசிக்காத பிள்ளைகளும் வருவார்கள், பக்கத்தில் ஒருவர் உட்கார்வதற்காக. மதிய இடைவேளையில் லெகோ, அல்லது சீட்டு. கை வேலை செய்துகொண்டிருந்தால் வாய் தானாகத் திறக்கும், நம் ஊரில் கீரை ஆயும்போது பெண்கள் பேசுகிற மாதிரி. நான் அவர்களுக்கு மார்க் போடுகிறவள் இல்லை, தண்டிக்கிறவள் இல்லை, வீட்டில் அழுகிறவளும் இல்லை. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் மிக நன்றாகவே தெரியும்.

மகன் ராத்திரி எழுந்து வந்து உங்களைப் பார்க்கிறான் என்றீர்கள். எனக்கு அந்த வரியில் நெஞ்சு நின்றது. அவனைப் பார்க்காமல் நான் எதுவும் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் இப்படி நிறையப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தாத்தா போய்விட்டார், அடுத்து அம்மாவும் போய்விடுவாளோ என்ற பயம். இன்னொன்று, தாத்தா பெயரைச் சொன்னால் அம்மா அழுவாள், அதனால் சொல்லக் கூடாது என்று அவனே முடிவு செய்திருப்பான். பிள்ளைகள் நம்மைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அது அவர்கள் தோளுக்கு ரொம்பப் பெரிய பாரம்.

மதம் பற்றி. யாரையும் மாற்ற முயலக் கூடாது என்பது எங்கள் விதியிலேயே இருக்கிறது. ஒரு இந்துக் குழந்தை என்னிடம், "என் பாட்டி சொர்க்கத்துக்குப் போயிருப்பாளா?" என்று கேட்டாள். என் நம்பிக்கையில் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அது அவள் கேட்கிற பதில் இல்லை. "உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டேன். "பாட்டி சாமிகிட்ட போயிட்டா, காக்காவா வருவான்னு அம்மா சொல்வா" என்றாள். அன்றைக்கு நாங்கள் மைதானத்தில் உட்கார்ந்து, வருகிற காக்காவை எல்லாம் எண்ணினோம். பதினொன்று வந்தது.

நான் ரகசியம் காப்பேன், ஆனால் பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்று தெரிந்தால் காக்க முடியாது, அதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவேன். சந்திக்கும்போது இதை அந்தச் சாப்லினிடம் கேளுங்கள்: தாத்தா பற்றி, சாமி பற்றி அவன் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவர் பதில் சொல்கிற விதத்திலேயே உங்களுக்கு ஆள் தெரிந்துவிடும். சரிப்படவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், யாரும் வருத்தப்பட மாட்டோம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. அரசுப் பணம் வாரத்தில் இரண்டு நாளுக்குத்தான் காணும். மூன்றாவது நாள் வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் சாசேஜ் சுட்டு விற்றுத்தான் திரட்டுகிறார்கள். பிள்ளைகளின் துக்கம் செவ்வாயும் வியாழனும் பார்த்து வருவதில்லை. எனக்கு இந்த வேலையில் தீராத குறை அது ஒன்றுதான்.

கடலோரம் (பெர்த்)

அக்கா, நான் இங்கேயே வளர்ந்தவள், இப்போது 22 வயது. பெரியவர்கள் எல்லாம் எழுதிவிட்டீர்கள், பிள்ளை பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லட்டுமா.

பத்தாம் வகுப்பில் எனக்கு ரொம்ப மோசமான வருடம். வீட்டில் மார்க், மருத்துவம், மார்க், மருத்துவம். அம்மா அப்பா மேல் தப்பில்லை, அவர்கள் இரண்டு ஷிப்ட் பார்த்து எங்களை ஆளாக்கியவர்கள், அவர்களிடம் போய் என்னால் முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் அறைக்குப் போனால் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று பயம். நம் ஆட்கள் மத்தியில் அது எப்படிப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். சாப்லின் அறைக்கு எல்லாரும் போவார்கள், டீ போட, பென்சில் வாங்க, சும்மா சோபாவில் சாய, அதனால் அங்கே போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் மூன்று வாரம் டீ மட்டும் குடித்தேன். நான்காவது வாரம் சொன்னேன். அவர் பயப்படவில்லை, அட்வைஸ் பண்ணவில்லை, அன்றைக்கே என்னோடு சைக்காலஜிஸ்ட் அறை வரை நடந்து வந்தார், வீட்டில் சொல்வதற்கும் அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா அன்றைக்கு அழுததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

தம்பி இன்னும் சின்னவன், ஆனாலும் சொல்லி வையுங்கள்: பிள்ளைகள் போனில் மனம்விட்டுப் பேச இருக்கிற கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, 5 வயதிலிருந்து 25 வரை, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இப்போதும் ஒட்டியிருக்கிறது.

மதுரைமல்லி (பிரிஸ்பேன்)

எல்லோருக்கும் நன்றி. எழுதியதை எல்லாம் கணவரிடம் படித்துக் காட்டினேன். வன்னிமண் அண்ணா எழுதியதைப் படித்த பிறகுதான் அவர் சந்திக்கவே ஒத்துக்கொண்டார். எங்கள் பயத்தை யாரோ ஒருவர் மதித்தார் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முன்பு டிரக் ஓட்டியவராம், பெரிய உடம்பு, மெல்லிய குரல். நாஞ்சில்காரி அக்கா சொன்ன கேள்வியை என் கணவரே கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லிக் கொடுத்தால் அதன்படி நடக்கிறேன்" என்றார். பதினாறாம் நாள் என்றால் என்ன, ஏன் சோறு வைக்கிறோம் என்று நான் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு வாரம் ஆகிவிட்டது. பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது, லஞ்ச் பாக்ஸ் பாதிதான் காலியாகிறது. ஆனால் நேற்று அவன் ஒரு படம் கொண்டு வந்தான். தாத்தாவின் சைக்கிள். பின்னால் கேரியரில் இவன், ஹேண்டிலில் பால் தூக்கு. போன வருட லீவில் அப்பா தினமும் இவனை அப்படித்தான் பால் வாங்கக் கூட்டிப்போவார், நான் மறந்தே போயிருந்தேன். மணி எந்தப் பக்கம் இருந்தது என்று என்னிடம் கேட்டான், படத்தில் சரியாகப் போட வேண்டுமாம். நான் அழுதேன். அவன் எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து மணியை வரைந்தான்.

வன்னிமண் (மெல்பேர்ன்)

நல்ல செய்தி தங்கச்சி. கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்திருங்கள். தம்பியின் படத்தையும்.